கோழிக்கார் மதுரைக்குப் போன கதை

என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு பழைய படம் வந்தால் அதை வாயை மூடிக்கொண்டு பார்க்கவே முடியாதா உங்களால்?

போன மாதம் நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில், கம்பத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர் ஒரு வீடியோ அனுப்பினார். அந்தக் காலத்து மதுரைத் தெரு. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எடுத்தது, நாலு நிமிடம் ஓடுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எந்தப் புண்ணியவானோ கம்ப்யூட்டரை விட்டுச் சாயம் பூசியிருக்கிறார். வானம் நீலம், ரோடும் நீலம், நடந்து போகிறவர்களின் வேட்டியும் லேசாக நீலம். அது போதாதென்று, படம் எடுத்துப் பதினைந்து வருஷம் கழித்து வந்த ஒரு சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டிருக்கிறார். நான் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.

நீங்கள் பார்த்த லட்சணம் எனக்குத் தெரியும். படம் வந்த ஐந்தாவது நிமிடத்தில் சண்டை ஆரம்பித்தாயிற்று. பேங்க் மேனேஜராக இருந்தவர், வருகிற கார் எல்லாமே அம்பாசடர் என்றார். மருந்துக்கடைக்காரர் ஆஸ்டின் என்றார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கார் பெயரை விட்டுவிட்டு, கடைப் பலகைகளில் இருந்த எழுத்துப் பிழைகளை வரிசையாக எண்ணி அனுப்பினார். நடுவில் ஒருவர் 'காலை வணக்கம்' என்று ரோஜாப்பூ போட்டார். மணி அப்போது மத்தியானம் மூன்று.

கார் பார்க்கத் தெரியாதவர்கள்தான் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்வீர்கள். எனக்குக் கார் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது என் மாமா, அம்மாவின் தம்பி. தேனியில் ஒரு தகரக் கொட்டகையில் மெக்கானிக்காக இருந்தார். "முகத்தப் பாக்காத ஆத்தா, பொடனியப் பாரு. முகத்த எவனும் மாத்திப்புடுவான். பொடனிய மாத்த மாட்டான்" என்பார். அந்தப் பாடத்தின்படி நான் ஒவ்வொரு காரின் பிடரியையும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மாரிஸ் போனது. பின்பக்கமாகத் திறக்கிற கதவோடு ஒரு பழைய டாக்சி போனது. ஸ்டெப்னி டயரை முதுகில் சுமந்துகொண்டு இன்னொன்று. பிறகு ஒற்றை மாட்டு வண்டிக்குப் பின்னால் ஒரு கார் முக்குத் திரும்பி வந்தது. அதைப் பார்த்ததும் போனைக் கீழே போட்டுவிட்டேன்.

ஆறு விநாடிதான் அது திரையில் இருக்கிறது. பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் குனிந்து, தானியம் கொத்தப் போகிற கோழி மாதிரி ஒரு கார். பானெட் கிடையாது, இஞ்சின் வெளியே தெரிகிறது. இரண்டு விளக்கில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. உங்களில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பேங்க் மேனேஜர் மட்டும், 'இது ஆக்சிடெண்ட் ஆன அம்பாசடர்' என்று எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் அதற்கு மாட்டுச் சாணி நிறம் அடித்திருந்தது. அது கிளிப்பச்சை, ஐயா! மாதா கோயில் ஜன்னலுக்கு அடித்தது போக மிச்சமிருந்த பெயிண்டு. அதை அடித்து முடிக்கும்வரை நான் கொட்டகையில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்களுக்கு நினைவிருக்கும், உத்தமபாளையத்தில் என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். உங்களில் பாதிப்பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூடச் சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா இருக்கும். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் பிழை திருத்துவார், பிறகுதான் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பார். பங்குச் சாமியார் கோயில் கதவில் ஒட்டிய அறிவிப்பில் ஒருமுறை, விட்டுப்போன இரண்டு ஒற்றெழுத்தைச் சேர்த்துவிட்டு வந்தார். சாமியாருக்கே வாத்தியார் அவர்.

அவருக்கும் மாமாவுக்கும் ஆகாது. மாமாவின் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும், பேச்சில் கொஞ்சம் அளப்பு இருக்கும். ஒரு நாளைக்கு நூறு மைல் ஓட்டினேன் என்பார், அறுபதாக இருக்கும். ஆனால் கை பொய் சொல்லாது. மலை மேலே ஏலக்காய்த் தோட்ட முதலாளி ஒருவர் கழித்துப் போட்ட மாரிஸின் முன்பாதி, பட்டாளத்தில் ஏலம் விட்ட ஜீப்பின் இஞ்சின், அதே ஜீப்பின் பின்சக்கரங்கள், ஒரு பழைய பஸ்ஸின் சீட்டு. இவ்வளவையும் சேர்த்து ஒரு வருஷம் முழுக்கத் தட்டித் தட்டி அந்தக் காரைச் செய்தார். ஜீப் இஞ்சின் மாரிஸ் வயிற்றுக்குள் அடங்கவில்லை, அதனால் பானெட்டைக் கழற்றித் தூர வைத்துவிட்டார். பின்சக்கரம் பெரிசு, முன்சக்கரம் சிறிசு. இப்போது என் பேரன் இங்கிலீஷ் வீடியோக்களில் இப்படிப்பட்ட கார்களைக் காட்டி, இதற்கு வெளிநாட்டில் தனிப் பெயரே இருக்கிறது, லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள் என்கிறான். எங்கள் ஊரில் அதற்கு வைத்த பெயர் கோழிக்கார்.

அந்தக் காலத்தில் கார் என்றாலே பிளசர் என்பார்கள் அல்லவா? மாமா முதன்முதலாக அதை எங்கள் தெருவுக்கு ஓட்டிவந்தபோது, "வாத்தியார் வீட்டுக்குப் பிளசர் வந்துருக்கு" என்று ஓடிவந்த கூட்டம், பார்த்த பிறகு சிரித்துக்கொண்டே கலைந்தது. அப்பா வாசலுக்கே வரவில்லை. வந்து பார்த்தது என் அத்தை மட்டும்தான். அப்பாவின் தங்கை, அப்போது பதினெட்டு வயது. கதவைத் தொட்டுப் பார்த்து, "பெயிண்டு காயலையே" என்றாள். "காய்ஞ்சா நீங்க தொட மாட்டீங்களே" என்றார் மாமா. எனக்கு அப்போது பத்து வயது, இந்தப் பேச்சில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு அம்மா, தன் தம்பிக்கு அத்தையைக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் பேச்சை எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்குச் சாமியாரும் மாமாவும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாமியார் இருந்தால் அப்பா கத்தமாட்டார் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். அப்பா கத்தவில்லை. கோழிக்கறியைப் பிய்த்துக்கொண்டே சிரித்தார்.

"ஒந் தம்பி செஞ்ச கோழி கணவாயத் தாண்டுமா?" என்றார். ஆண்டிபட்டிக் கணவாயைத்தான் சொன்னார். அதைத் தாண்டினால்தான் மதுரைப் பக்கம். "கணவாயத் தாண்டி மதுரைக்குப் போயி, சொந்தக் கால்ல திரும்பி வரட்டும். அன்னைக்கே பொண்ணு தாரேன். சாமி, நீங்களே சாட்சி."

சாமியார் தலையாட்டினார். மாமா எழுந்து கை கழுவப் போனார். "ஒத்தையில போயிட்டு வந்து கதை அளந்தா யாரு நம்புறது?" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். "இவ கூடப் போகட்டும். எம்மக பொய் சொல்ல மாட்டா."

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன். இப்போது அதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

கோடை லீவு, சனிக்கிழமை காலை. விடிந்து வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினோம். பஸ் சீட்டில் தேங்காய் நார் வெளியே வந்து தொடையைக் குத்தியது. காலுக்கடியில் பலகையில் ஒரு ஓட்டை, அது வழியாக ரோடு பின்னால் ஓடுவது தெரியும். சின்னமனூர் வரை அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். என் பக்கத்துக் கதவுக்குப் பூட்டு இல்லை, கயிறு. வெளியே தெரிந்த இஞ்சினில் இருந்து சூடான ஆயில் வாடை முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. தேனி தாண்டும்போது ஒருமுறை வாந்தி, ஆண்டிபட்டியில் இன்னொன்று. "எல்லாத்தையும் இங்கனயே இறக்கிப்புட்டா கணவாயில வண்டிக்குப் பாரம் கொறையும் ஆத்தா" என்றார் மாமா.

கணவாய் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. மாமா வண்டியை ஓரம் கட்டி, பின்னால் வைத்திருந்த இரண்டு மண்ணெண்ணெய் டின் தண்ணீரையும் ஊற்றினார். போதவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், தன் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இது என்னத்துக்கு உள்ள குடலெல்லாம் வெளிய தொங்குது?" என்று கேட்டாள். மாமா அவளுக்குக் கும்பிடு போட்டார். பிறகு ஏறி உட்கார்ந்து முதல் கியரில் போட்டு, நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளில் சிலுவை போட்டுக்கொண்டார். கார் உறுமிக்கொண்டே ஏறியது. உச்சியைத் தாண்டியதும் மாமா ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. உசிலம்பட்டி வரை அடித்துக்கொண்டே போனார் என்று நினைக்கிறேன்.

மதுரையில் ஒரு தெருவில் மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். ஓரத்தில் ஒரு வெள்ளைக்காரர் எதையோ கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் எங்கள் பக்கம் திரும்பினார். மாமா முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டார். சரியாக அந்த நேரம் எனக்கு மூன்றாவது வாந்தி. தலையை வெளியே தொங்கவிட்டேன்.

பிறகு ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். எனக்கு ரிப்பன் வாங்கினார். பக்கத்துப் பெட்டிக்கடையில் முகம் பார்க்கிற வட்டக் கண்ணாடி ஒன்றும் வாங்கி, ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சள் துணிப்பையில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "இத அத்தைகிட்ட மட்டும் குடுக்கணும். வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என் தோல உரிச்சுப்புடுவாக." நான் பையை மடித்துப் பாவாடைக்குள் சொருகிக்கொண்டேன்.

கோபுரம் பார்க்க வேண்டும் என்றேன். தெருக்கோடிக்குக் கூட்டிப்போனார். அங்கே வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு ஓலைக் கொட்டகைதான் நின்றது. அடியிலிருந்து உச்சி வரை தென்னங்கீற்று, சவுக்குக் கம்பு. "உள்ளதான் கோபுரம் இருக்கு. கும்பாபிசேகத்துக்கு வேலை நடக்குதாம், அதான் மூடியிருக்காக" என்றார் மாமா, அங்கே நின்ற ஒருவரைக் கேட்டுவிட்டு. எனக்குக் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. நான் பார்த்தது ஓலைதான்.

பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது, சொந்தக் காலில், சொந்தச் சக்கரத்தில். நான் முதலில் அடுப்படிக்கு ஓடி, அத்தையிடம் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருக்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மாமா தூணில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"மதுரைக்குப் போனீகளா?"

"போனோம்ப்பா."

"கோபுரம் பாத்தியா?"

என்னை ஒரு கேள்வி கேட்டால் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லுவேன். அப்படித்தான் என்னை வளர்த்திருந்தார். "இல்லப்பா. அங்கன கோபுரம் இல்ல. உசரமா ஒரு ஓலைக் கொட்டகைதான் இருந்துச்சு."

சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை, தெரு முழுக்கச் சிரித்தது. "ஏலே, ஆண்டிபட்டிச் சந்தையில வெத்தலைக் கொட்டகையக் காட்டிக் கூட்டியாந்துட்டியா?" என்றார் ஒருவர். "மச்சான், கோபுரத்த ஓலையப் போட்டு மூடியிருக்காக. வேலை நடக்குது" என்றார் மாமா. "கோபுரத்துக்கு எவனாவது ஓலை போடுவானா? குடிசைக்குத்தான் ஓலை" என்றார் அப்பா. அங்கே நின்ற அத்தனை பேரும் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்கள். எங்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில், ஓடு போட்டது. திருப்பணி நடக்கும்போது கோபுரத்தை ஓலையால் மூடுவார்கள் என்று தெரிந்தவர் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை. அடுத்த தெருவில் போய் ஒரே ஒரு ஆளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒருத்தரும் போகவில்லை.

நான் பதறிப்போய், "வெள்ளைக்காரரு எங்களப் பாத்தாருப்பா, கண்ணுல ஒண்ண வச்சுக்கிட்டு" என்றேன். இன்னும் சிரித்தார்கள். அழுகை வந்துவிட்டது. அப்பா என் தலையில் கை வைத்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "எம்மக பொய் சொல்ல மாட்டா. கோபுரம் இல்லைனு அவளே சொல்லிட்டா."

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில், அதுதான் கொடுமை. பாவாடையைப் பார்த்தார், அதில் பை இல்லை. பை அத்தையிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். "சரி மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

அத்தைக்கு ஒரு மாதத்தில் நிச்சயம். மாப்பிள்ளை சின்னமனூர், தாலுகா ஆபீசில் வேலை. மாமா கொட்டகையை மூடிவிட்டு, குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டப் போனார். போகும்போது கோழிக்காரைப் பிரித்து, முன்பாதியை எடைக்குப் போட்டுவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவார், மலையாளம் கலந்து பேசுவார், எனக்கு ரிப்பன் வாங்கி வருவார். நான் கல்லூரி முடித்த பிறகும் ரிப்பன்தான் வாங்கி வந்தார்.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யார் பொய் சொன்னாலும் ஒரே வசனம்தான்: 'மாமா மதுரைக்குப் போன கதை.' பரீட்சையில் மார்க் கூடச் சொன்னால், பால்காரர் தண்ணீர் கலக்கவில்லை என்றால், எல்லாவற்றுக்கும் அதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமா இறந்தபோது, கல்லறையிலிருந்து திரும்பி வருகிற வழியில்கூட ஒருத்தர் அதைச் சொல்லிச் சிரித்தார். யார் என்று கேட்காதீர்கள், அவரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

எனக்கு இருபத்தோரு வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்து மதுரைக்குப் போனேன். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது ஒரு கோபுரம் முழுக்க ஓலை மூடி நிற்பதைப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்ப நடந்துபோய், ரோட்டோரத்தில் நின்று அழுதேன். ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். சிவப்புப் பேனாவால் கட்டுரை நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "பழைய கதைய எதுக்குக் கிளறுற?" என்றார். பெரியவர், வெட்கப்படுகிறார், போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் நான் என்னை விடவில்லை. 'கோபுரத்தை ஓலையால் மூடியிருக்கிறார்கள்' என்று மாமா சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் போதுமே. ஒரு வாக்கியம். அதைச் சொல்லத் தெரியாத கழுதையாக இருந்தேனே என்று அறுபது வருஷத்துக்கு மேல் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த ஆறு விநாடி என் போனில் இருக்கிறது. கோழிக்கார் வருகிறது. பின்னால், தெருக்கோடியில், ஓலைக் கொட்டகை வானம் வரைக்கும் நிற்கிறது. டிரைவரின் முகம் தெரியவில்லை, ஜன்னலில் முழங்கை தெரிகிறது. இந்தப் பக்கம் ஒரு சின்னத் தலை வெளியே தொங்குகிறது. அது நான்தான்.

யாரிடம் காட்டுவது? அப்பா இல்லை, அம்மா இல்லை, மாமா இல்லை. சிரித்த தெருவில் பாதி கல்லறைக்குப் போயாயிற்று, மீதி உங்கள் குழுவில் இருந்துகொண்டு அம்பாசடரா ஆஸ்டினா என்று அடித்துக்கொள்கிறது. மறுநாள் காலை பஸ் ஏறிச் சின்னமனூர் போனேன். அத்தை அங்கே தன் மகனோடு இருக்கிறாள், எண்பது தாண்டிவிட்டது, கண்ணும் காதும் இன்னும் என்னைவிடத் தேவலை.

"ஏத்தா, இம்புட்டு வெயில்ல எதுக்கு வந்த? போன்ல சொன்னா ஆகாதா?"

"இது சொல்ற விசயமில்ல அத்தை, காட்டுற விசயம். கண்ணாடியப் போடுங்க."

மாட்டு வண்டி வந்தது. கார் முக்குத் திரும்பியது. "அடி, கோழி!" என்றாள் அத்தை. திரும்பப் போடச் சொன்னாள். நாலு தடவை பார்த்தாள். ஐந்தாவது தடவை விரலை முழங்கை மேலே வைத்தாள். விரல் பட்டதும் படம் நின்றுவிட்டது.

"அவுக கைதான இது?"

"ஆமா அத்தை."

"பச்சைப் பெயிண்டுக்கு இது என்ன கருமம் சாணிக் கலரு?" என்றாள். உலகத்தில் என்னைத் தவிர அதைக் கேட்ட ஒரே ஆள். அறுபது வருஷமாக வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும், என் வாயால்தான் கெட்டது, மன்னிச்சிருங்க என்றேன்.

அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "இதையா இத்தன வருசமாச் சொமந்துக்கிட்டுத் திரியிற? கிறுக்கி!"

எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி மூடி கிரீச்சிடுவது கேட்டது. மடித்து மடித்துச் சின்னதாகிப்போன ஒரு துணியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். பாச்சை உருண்டை வாடை. விரித்தேன். அந்த மஞ்சள் பை. அதில் சுற்றி வந்த வட்டக் கண்ணாடி எப்போதோ உடைந்துபோயிற்றாம், பை மட்டும் இருக்கிறது.

"வாசி" என்றாள்.

நடுவில் பெரிய எழுத்தில் 'ஜவுளி கடை' என்று அச்சடித்திருந்தது. இரண்டு சொல்லுக்கும் நடுவில், கூரை மாதிரி ஒரு குறி போட்டு, சிவப்பு மையில் ஒரு 'க்'. மை துணியில் ஊறிப் பரவி, மங்கிப்போயிருந்தது. எனக்கு அந்த எழுத்தைத் தெரியும். என் நோட்டிலும் உங்கள் நோட்டிலும் எத்தனை ஆயிரம் தடவை பார்த்த எழுத்து அது. அதற்கு ஒரு விரல்கடைக்குக் கீழே அடுத்த வரி இருந்தது. 'மதுரை.'

"நீங்க மதுரைக்குப் போன மறு வாரம், சந்தைக்குப் போறப்ப, நான் மறந்து ஆணியில தொங்கவிட்ட பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாக எங்கண்ணன்" என்றாள் அத்தை. "நான் பதறிப்போயி நின்னேன். வந்ததும் காய்கறியக் கொட்டிட்டு, பைய எங்கிட்ட நீட்டுனாக. 'இத உள்ள வையி. இனிமே வெளிய எடுக்காத'ன்னாக. அம்புட்டுதான். பாத்தா, செவப்பு மையில ஒத்தெழுத்துப் போட்டுருக்காக. அதுக்கு அடுத்த வாரம் என்னையப் பாக்க சின்னமனூர்லருந்து ஆளு வந்தாக."

"அப்ப அப்பாவுக்குத் தெரியுமா?"

"வாத்தியாரு கண்ணுல க் படும், மதுரை படாதா?"

"நீங்க ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா, பை ஏதுன்னு கேப்பாக, கண்ணாடி யாரு குடுத்தான்னு கேப்பாக, அவுக தோல உரிப்பாக." என் மடியில் கிடந்த பையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "அதுபோக, என்னைய யாரு கேட்டா? ஒன்னையத்தான கேட்டாக."

அத்தை நன்றாகத்தான் வாழ்ந்தாள். மாமா பேர் சொல்லி அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை. போனை வாங்கி இன்னொரு தடவை அந்த முழங்கையைப் பார்த்துவிட்டு, எனக்கு மோர் எடுத்துவரப் போய்விட்டாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. அப்பா இறந்து இருபது வருஷம் ஆகிறது. செத்துப்போனவரிடம் சண்டை போடுவதைப் போலக் கடுப்பான வேலை வேறு கிடையாது, எதிர்ப்பேச்சே வராது. கார் மதுரைக்குப் போனது மறு வாரமே அவருக்குத் தெரியும். தெரிந்த பிறகும், என் வாய்ச்சொல்லையே சாக்காக வைத்து, சாமியார் முன்னால் கொடுத்த வாக்கை ரத்து செய்துகொண்டார். மாமாவைப் பொய்யராக்கியது கோபுரமும் இல்லை, ஓலையும் இல்லை, நானும் இல்லை. அதை எனக்கு ஒரே ஒரு நாள், ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நான் மதுரையிலிருந்து ஓடிவந்து சொன்னேனே, அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது குழுவைத் திறந்தேன். நூற்று நாற்பது செய்தி. அம்பாசடர்க் கட்சியும் ஆஸ்டின் கட்சியும் இன்னும் ஓயவில்லை. நான் அந்த ஆறு விநாடியை மட்டும் வெட்டி அனுப்பினேன். கீழே, 'இது என் மாமாவின் கார். மதுரைக்குப் போனது. வெளியே தொங்குவது என் தலை' என்று எழுதினேன். அடியில், அத்தை வீட்டில் எடுத்திருந்த பையின் போட்டோவையும் போட்டேன்.

பிறகு தமிழாசிரியர் எழுதினார்: 'ஜவுளிக் கடை என ஒற்று மிகும். சரியான திருத்தம். திருத்தியவர் யாரோ?'

நான் பதில் போட்டேன்: 'என் அப்பா. ஒற்றை மட்டும்தான் திருத்தினார்.'